சொம்புத் தண்ணீரும் கல்யாணப் பையும்

எனக்கு மூக்கின் மேல் கோபம். இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என் கணவர் முந்திக்கொள்வார். என் கோபத்தைப் பற்றி நாலு பேரிடம் சொல்வதில் அவருக்குத் தனிப் பிரியம். ஆனால் அந்தக் கோபம் ஒரே ஒரு தடவை உருப்படியான காரியம் ஒன்றைச் செய்திருக்கிறது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நடுநடுவே கொஞ்சம் பெருமையடித்துக்கொள்வேன், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கருமத்தம்பட்டியைத் தாண்டி, விசைத்தறிச் சத்தம் தேய்ந்து தோட்டங்கள் தொடங்குகிற இடத்தில் எங்கள் வீடும் பட்டறையும் ஒரே காம்பவுண்டுக்குள் இருக்கின்றன. பட்டறை என்றால் பிளேட்டிங் பட்டறை. மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில் மண்ணில் அடித்து இறக்குவார்களே எர்த்துக் கம்பி, அந்த இரும்புக் கம்பிக்குத் தாமிர முலாம் பூசுவது எங்கள் தொழில். கம்பியை மருந்துத் தொட்டியில் தொங்கவிட்டுக் கரண்ட் கொடுத்தால் தாமிரம் அதன் மேல் படியும். அப்புறம் எடுத்துத் தண்ணீரில் அலச வேண்டும். அலச அலச, கம்பியோடு ஒட்டிக்கொண்டு வந்த மருந்து அந்தத் தண்ணீரில் இறங்கிவிடும். லேசான நீல நிறத்தில் அலசுத் தண்ணீர் பார்க்க அழகாகவே இருக்கும். அந்த நீலம் அத்தனையும் கரைந்து கிடக்கிற தாமிரம். பயிருக்கும் ஆகாது, மாட்டுக்கும் ஆகாது, மனுசனுக்கும் ஆகாது.

நான் வேதியியல் எம்.எஸ்.சி. கல்யாணத்துக்குப் பிறகும் சில வருடங்கள் கோயம்புத்தூரில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் வேலை பார்த்தேன். பிள்ளைகள் பிறந்ததும் அதை விட்டுவிட்டு, பட்டறையில் மருந்து சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற வேலையை எடுத்துக்கொண்டேன். தொழிலை நடத்துவது கணவர். தொழிலில் குறை கண்டுபிடிப்பது நான்.

எங்கள் தெற்குச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டம். தென்னை, தீவனச் சோளம், நாலு எருமை, ஒரு கிணறு. தோட்டக்காரர் எங்களைவிடப் பதினைந்து வயது மூத்தவர். உறவு எதுவும் கிடையாது. ஆனாலும் நாங்கள் அவரை அண்ணா என்போம், அவர் மனைவியை அக்கா என்போம். அவர் கிணற்று மோட்டாருக்கு எர்த்து போட்ட கம்பிகூட எங்கள் பட்டறையில் முக்கியெடுத்ததுதான். வாரத்தில் இரண்டு நாளாவது எங்கள் வீட்டுக்கு வருவார். வந்து உட்கார்ந்ததும் நான் சொம்பு நிறையத் தண்ணீர் கொடுப்பேன். அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்துவிட்டுத் துண்டால் மீசையைத் துடைத்த பிறகுதான் பேச்சையே தொடங்குவார்.

ஓர் ஐப்பசி மாதத்தில் அது நின்றுபோனது.

அப்போதெல்லாம் அலசுத் தண்ணீரில் நாங்கள் சுண்ணாம்பு போடுவோம். தாமிரம் பச்சையும் நீலமுமாகச் சேறு மாதிரி அடியில் தங்கும். அந்தச் சேற்றைச் சாக்கில் கட்டி, தகரக் கொட்டகைக்குள் அடுக்கிவைப்போம். அதை எடுத்துப்போக வருகிற வண்டி, வந்தால்தான் நிஜம். அந்த ஐப்பசி மழையில் ஒரு தகரம் பிய்த்துக்கொண்டு போனது. சாக்குகள் நனைந்து ஊறி ஒழுகின. அலசுத் தொட்டியும் நிரம்பி வழிந்தது. எல்லாம் சேர்ந்து தெற்குச் சுவரில் இருந்த மழைத் தண்ணீர்த் தூம்பு வழியாக அண்ணனின் வாய்க்காலுக்குப் போய்விட்டது.

காலையில் அவர் வந்தார். சத்தம் போடவில்லை. என் கணவரின் கையைப் பிடித்துக் கூட்டிப்போய், சுவரோரம் காட்டினார். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பச்சை நீலக் கோடு, ஈர மண்ணின் மேல், சோளக்காட்டு வரப்பு வரைக்கும் போயிருந்தது.

“கொஞ்சம் பாத்துக்கங்க தம்பி” என்றார். அவ்வளவுதான்.

அன்றைக்கே ஆள் விட்டு அந்த மண்ணை வழித்து எடுத்தோம். அப்படியும் ஓரத்தில் ஒரு வரிசைச் சோளம் மஞ்சளாகிப் போனது. அவர் மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு ஒரு கடுதாசி போட்டிருந்தால் எங்களுக்குக் கரண்டைப் பிடுங்கியிருப்பார்கள். போடவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு இரண்டு பேசி, பிறகு மன்னிப்புக் கேட்டு, அத்தோடு முடிந்திருக்கும். அதுவும் செய்யவில்லை.

பதினைந்து நாள் கழித்து அண்ணனும் அக்காவும் பெரிய மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வந்தார்கள். தட்டில் வெற்றிலை பாக்கு பழத்தோடு பத்திரிகையைக் கொடுத்தார்கள். நான் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினேன்.

“இப்பத்தானுங்க அம்மணி குடிச்சுப்போட்டு வாரோம்” என்றார் அவர்.

அக்காவின் கை சொம்பை வாங்கப் பாதி தூரம் வந்துவிட்டது. அவர் அப்படிச் சொன்னதும் அந்தக் கை சேலைத் தலைப்பைச் சரிசெய்வது போலத் திரும்பிப் போனது. நான் பார்த்துவிட்டேன். நான் பார்த்ததை அக்காவும் பார்த்துவிட்டார்.

அவர்கள் போனதும் என் கணவர், “தாகமில்லாம இருந்திருக்கும், உடு” என்றார்.

“ஏனுங்க, ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துலயா தாகம் அத்துப்போச்சு?”

“இப்ப என்ன பண்ணோணுங்கற?”

“எனக்கென்ன தெரியும்? பட்டறை உங்குளுது” என்று சொல்லிவிட்டு, அந்தத் தண்ணீரை வாசல் செடிக்கு ஊற்றினேன். ஊற்றும்போது அழுகை வந்துவிட்டது. கோபத்தில் வருகிற அழுகை. எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் கைநனைக்க மாட்டேன் என்று யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். இப்பத்தான் குடிச்சேனுங்க, இப்பத்தான் சாப்புட்டேனுங்க என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். அந்த ‘ங்க’வை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்ய முடியும்? திருப்பிச் சண்டைக்கும் போக முடியாது.

கல்யாணத்துக்குப் போனோம். அண்ணனே பந்தியில் எங்கள் இலைக்கு முன்னால் நின்று, “இன்னுங் கொஞ்சம் வைங்க, அம்மணி எலையில ஒண்ணுமே இல்ல பாருங்க” என்று பரிமாறுகிறவரை விரட்டினார். அன்பில் ஒரு குறையும் இல்லை. போகும்போது ஆளுக்கொரு தாம்பூலப் பை கொடுத்தார்கள். தேங்காய், வெற்றிலை பாக்கு, மஞ்சள். அவர் சோற்றை நாங்கள் சாப்பிடுகிறோம், எங்கள் தண்ணீரை அவர் தொடமாட்டேன் என்கிறார். அது எனக்கு முள்ளாகக் குத்தியது.

அவர் மறுபடி எங்கள் வீட்டில் தண்ணீர் குடிக்க வேண்டும். அதற்கு எங்கள் சுவரைத் தாண்டி ஒரு சொட்டுத் தாமிரம் போகக் கூடாது, கொட்டகையில் ஒரு சாக்கும் இருக்கக் கூடாது. இதுதான் என் மனசில் இருந்தது.

சுண்ணாம்பு போடுகிறவரை சாக்கு இருந்துகொண்டுதான் இருக்கும். அப்போது எனக்குப் படிக்கிற காலத்தில் செய்த புராஜெக்ட் ஞாபகத்துக்கு வந்தது. திரவச் சவ்வு என்று பெயர். சவ்வு என்றால் தோல் மாதிரி எதையோ நினைக்க வேண்டாம். அது வெறும் எண்ணெய்தான். ஒரு பக்கம் கழிவுத் தண்ணீர், இன்னொரு பக்கம் அமிலம் கலந்த தண்ணீர், நடுவில் மெல்லிசாக எண்ணெய்ப் படலம். தாமிர அயனி தானாக எண்ணெய்க்குள் போகாது. ஆனால் எண்ணெயில் ஒரு மருந்தைக் கலந்துவைத்தால், அந்த மருந்து இந்தக் கரையில் தாமிரத்தைப் பிடித்து, எண்ணெய் வழியாகக் கூட்டிப்போய், அந்தக் கரையில் விட்டுவிடும். திரும்பி வரும்போது சும்மா வராது, அங்கிருந்து அமிலத்தை வாங்கிக்கொண்டு வரும். எங்கள் பக்கத்தில் பெண் கொடுத்துப் பெண் எடுப்பார்களே, அந்தக் கணக்கு. அந்தப் பக்கம் அமிலம் தாராளமாக இருக்கிறவரை போக்குவரத்து நடக்கும். கடைசியில் இந்தப் பக்கத் தண்ணீரில் தாமிரம் கிட்டத்தட்டத் தீர்ந்து, அந்தப் பக்கம் கெட்டி நீலமாகச் சேர்ந்துவிடும். அதை அப்படியே முலாம் தொட்டிக்குத் திருப்பி ஊற்றிக்கொள்ளலாம். சேறும் இல்லை, சாக்கும் இல்லை.

கணவரிடம் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “எண்ணெயக் கொண்டு தண்ணியக் கழுவறேங்கற. கேக்கறவங்க சிரிப்பாங்க கண்ணு” என்றார்.

“சிரிக்கறவங்க சிரிக்கட்டும். நீங்க சிரிக்காம இருந்தாப் போதும்.”

அவர் உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிரிப்பை அடக்குகிறார் என்று முதுகைப் பார்த்தாலே தெரிந்தது.

பிரச்சினை எண்ணெயில் இல்லை. நடுவில் எண்ணெயை நிற்கவைப்பது எப்படி என்பதுதான் பிரச்சினை. படிக்கிற காலத்தில் வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு தாளை, ரூபாய்க் காசு அளவுக்கு வெட்டி, எண்ணெயில் ஊறவைத்து இரண்டு கண்ணாடிக் குடுவைகளுக்கு நடுவில் வைப்போம். பக்கத்தில் யாராவது தும்மினால் பறந்துவிடும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு வேலை செய்ய வேண்டும். பட்டறைத் தொட்டிக்கு அந்தத் தாளை வாங்குவது நடக்கிற காரியமா? பருத்தித் துணியை வைத்துப் பார்த்தேன். துணி எண்ணெயை விட்டுவிட்டுத் தண்ணீரைக் குடித்துக்கொண்டது. இரண்டு பக்கத் தண்ணீரும் ஒன்றாகக் கலந்து, காலையில் பார்த்தால் ஒரே நிறத்தில் பல்லைக் காட்டியது. பிள்ளைகளுக்கு அன்றைக்கு அனாவசியமாகத் திட்டு விழுந்தது.

வழி சமையலறையில் கிடைத்தது. தேங்காய் எண்ணெய் பாட்டில் ஒன்றைத் தாம்பூலப் பைக்குள் வைத்து அலமாரியில் தள்ளியிருந்தேன். மூடி சரியாக மூடாமல் எண்ணெய் கசிந்துவிட்டது. திட்டிக்கொண்டே பையைக் குழாயடியில் பிடித்தேன். தண்ணீர் அதன் மேல் ஒட்டவே இல்லை. முத்து முத்தாக உருண்டு ஓடியது. எண்ணெயோ பையை விட்டு வருவேனா என்றது. குழாயை மூடிவிட்டு அந்தப் பையையே பார்த்துக்கொண்டு நின்றேன். கல்யாண வீட்டில் கொடுக்கிற இந்தப் பை நூலால் நெய்தது இல்லை. பிளாஸ்டிக் இழைகளை அமுக்கிச் செய்தது. இழைக்கு இழை சந்து உண்டு. எண்ணெயைப் பிடித்துக்கொள்ளும், தண்ணீரை அண்டவிடாது. எனக்கு வேண்டியதும் அதுவேதான்.

எங்கள் பக்கத்து வீடுகளில் தாம்பூலப் பைக்குப் பஞ்சமா என்ன? ஒரு முகூர்த்த மாதம் போனால் ஒரு டிராயர் நிறைந்துவிடும். டிராயரைக் கொட்டிக் கவிழ்த்துப் பார்த்தேன். இருக்கிறதிலேயே நல்லதை எடுப்போம் என்று, பெரிய மில் குடும்பத்துக் கல்யாணத்தில் கொடுத்த ஒரு பையை எடுத்தேன். தடிமனாக, கண்ணாடி மாதிரிப் பளபளவென்று இருந்தது. பைப்புக்கடையில் பிவிசி குழாய் இணைக்கிற வளையங்களை வாங்கிவந்து, இரண்டு டப்பாக்களைப் பக்கவாட்டில் பொருத்தி, நடுவில் எண்ணெயும் மருந்துமாக ஊறிய அந்தப் பைத் துண்டைப் போட்டு இறுக்கினேன். எண்ணெய் என்றது மண்ணெண்ணெய். ஒரு டப்பாவில் அலசுத் தண்ணீர், அமிலப் புளிப்பைக் கொஞ்சம் சலவைச் சோடா போட்டுக் குறைத்தது. இன்னொன்றில் தண்ணீர் கலந்த கந்தக அமிலம்.

முதல் நாள் ஒன்றும் நடக்கவில்லை. சரி, மெதுவாகத்தான் போகும் என்று இருந்தேன். இரண்டாம் நாளும் அமிலம் குடிதண்ணீர் மாதிரித் தெளிவாகவே இருந்தது. மூன்றாம் நாள் எண்ணெயில் கலந்த மருந்தை விற்ற கடைக்காரருக்குப் போன் போட்டு, கலப்பட மருந்தைக் கொடுத்துவிட்டார் என்று ஒரு பிடி பிடித்தேன். பாவம், அவர் “பாட்டில் சீல் ஒடைக்காமத்தானுங்க குடுத்தேன்” என்று மூன்று தடவை சொன்னார். அப்புறம் கணவரைத் திட்டினேன். எதற்கென்று இப்போது ஞாபகமில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் வளையத்தைக் கழற்றி, மிச்சமிருந்த பையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வாயில் வைத்து ஊதினேன். கன்னம் உப்பியதுதான் மிச்சம், காற்று ஒரு துளிகூட அந்தப் பக்கம் போகவில்லை. அந்தப் பளபளப்பு வேறொன்றும் இல்லை, மேலே ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தோல். காற்றே போகாத இடத்தில் அயனி எப்படிப் போகும்? எம்.எஸ்.சி. படித்தவள் முதல் நாளே ஊதிப் பார்த்திருக்க வேண்டாமா? பெரிய வீட்டுப் பை என்றதும் அதுதான் உசத்தி என்று எடுத்துவிட்டேன்.

கணவரிடம் மறைக்கவா முடியும்? அவர் பையை வாங்கி ஒரு தடவை ஊதிப் பார்த்துவிட்டுச் சொன்னார், “பெரிய எடத்துச் சம்பந்தம் நமக்கு ஒத்துவராதுன்னு அப்பவே நெனச்சேன்.”

மருந்துக் கடைக்காரருக்குப் போன் பண்ணி மன்னிப்புக் கேட்டேன். அதையும் சொல்லிவிட வேண்டும்.

டிராயரில் தேடினால் பெரும்பாலும் பளபளப்புப் பைகளாகவே இருந்தன. இப்போதெல்லாம் எல்லோரும் அதைத்தான் அடிக்கிறார்கள். சாதாப் பை இரண்டுதான் தேறியது. இரண்டும் தெற்குத் தோட்டத்து அண்ணன் மகள் கல்யாணத்தில் எங்களுக்குக் கொடுத்தவை. அவர் எதையும் எளிமையாகச் செய்கிறவர். கத்தரிக்கோலை எடுத்தேன். பெண் பெயரும் மாப்பிள்ளை பெயரும் போட்டிருக்கிற பை. அதில் கத்தரி வைக்க மனசு கூசியது. பெயர் அச்சடித்த பகுதியை அப்படியே விட்டுவிட்டு, பின்பக்கத்தை மட்டும் வெட்டினேன். அது நல்லதாகவும் போயிற்று. பின்னால் வேறொரு பையின் அச்சு மை மண்ணெண்ணெயில் கரைந்து எல்லாவற்றையும் ரோஸ் நிறமாக்கியது.

இரண்டு மடிப்பாக வைத்து இறுக்கினேன். மறுநாள் காலை பல்கூடத் துலக்காமல் பட்டறைக்கு ஓடினேன். அமில டப்பாவில் லேசாக ஒரு நீலம். கண் ஏமாற்றுகிறதோ என்று பின்னால் வெள்ளைக் காகிதம் வைத்துப் பார்த்தேன். நீலம்தான். மறுநாளைக்கு அது நன்றாக ஏறிவிட்டது, அலசுத் தண்ணீர் வெளுத்துக்கொண்டே போனது. நடுவில் ஒரு கல்யாணப் பை. அந்த இரண்டு டப்பாவையும் பார்த்தபோது எனக்கு வந்த பெருமை இருக்கிறதே, பிள்ளை பிறந்தபோதுகூட அப்படி வந்ததில்லை. என் பிள்ளைகள் இதைப் படித்தால் படிக்கட்டும்.

கணவரைக் கூப்பிட்டேன். குனிந்து ஒரு டப்பாவைப் பார்த்தார், அப்புறம் இன்னொன்றைப் பார்த்தார். எழுந்து போய், பழைய அலசுத் தொட்டியை அளக்க டேப்பை எடுத்துவந்தார். அவர் பாராட்டுகிற முறை அது.

டப்பாவில் நடந்தது தொட்டியில் உடனே நடந்துவிடவில்லை. பெரிய தொட்டியை நடுவில் தடுத்து, ஜன்னல் சட்டம் மாதிரி சட்டங்கள் செய்து, அங்கங்கே கேட்டு வாங்கிய சாதாப் பைகளின் துணியை அதில் அடுக்காகப் பூட்டினோம். எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் கரைந்து போகும். வாரா வாரம் சட்டத்தைக் கழற்றி மறுபடி ஊறவைக்க வேண்டும். தாமிரம் போகப் போக அலசுத் தண்ணீர் புளித்துவிடும். காலையும் மாலையும் சோடா போட வேண்டும், மறந்தால் வேலை நின்றுவிடும். திரும்பக் கிடைத்த நீலத்தைக் கொட்டாங்குச்சிக் கரியில் வடிகட்டாமல் முலாம் தொட்டியில் ஊற்றி, ஒரு நாள் கம்பி முழுக்கப் புள்ளி புள்ளியாக வந்தது. எண்ணெயின் மிச்சம் செய்த வேலை. கடைசியில் நிற்கிற துளித் தாமிரத்தையும் எண்ணெய் மிச்சத்தையும் பிடிக்க, கரியும், அயனியைப் பிடிக்கிற பிசின் மணியும் நிரப்பிய குழாய்களைத் தனியாக வைத்தோம். அதில் வெளிவருகிற தண்ணீர் மறுபடி அலசுவதற்கே போய்விடும். நாங்கள் மூச்சுவிட ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று.

கொட்டகையில் கடைசிச் சாக்கும் வண்டியேறிய அன்றைக்குக் கொத்தனாரைக் கூப்பிட்டுத் தெற்குச் சுவர்த் தூம்பைச் செங்கல் வைத்து அடைக்கச் சொன்னேன். மழைத் தண்ணீருக்கு வடக்குப் பக்கமாகத் தொட்டி வெட்டியாயிற்று. பூசிக்கொண்டிருக்கும்போது சுவருக்கு அந்தப் பக்கம் எருமையை அவிழ்த்துக்கொண்டு நின்ற அண்ணன் தலை தெரிந்தது. பார்த்தார். எருமையை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

அவரிடம் கேட்டு, அவர் கிணற்றுத் தண்ணீரை எடுத்துப்போய்க் கோயம்புத்தூரில் பரிசோதனைக்குக் கொடுத்தேன். பயப்படுகிற அளவுக்குத் தாமிரம் எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் காகிதத்தை அவர் கையில் கொடுத்தபோது எங்கள் வீட்டில்தான் உட்கார்ந்திருந்தார். பொறுமையாகப் படித்தார். நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

“சந்தோசமுங்க அம்மணி” என்றார்.

நான் பெருமையாகச் சொம்பை நீட்டினேன்.

“இப்பத்தானுங்க குடிச்சுப்போட்டு வந்தேன்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் போனதும் கணவரிடம், “இனி அவுரு வந்தா நாந் தண்ணி தரமாட்டேன். கேட்டாத்தான் தருவேன்” என்றேன். “அதென்ன பேச்சு” என்று அவர் பதறினார். ஆனால் நான் சொன்னால் சொன்னதுதான். அதற்குப் பிறகு அண்ணன் வந்தால் வாங்க என்பேன், உட்காருங்க என்பேன், சொம்பு மட்டும் வராது. அவரும் அதைக் கண்டுகொண்ட மாதிரிக் காட்டிக்கொள்ளவில்லை. இரண்டு பக்கமும் மரியாதைக்கு ஒரு குறைச்சலும் இல்லை.

ஒரு பங்குனி மாதம், ஏணி கேட்டு வந்தவரை, “ஒரு நிமிசம் வாங்கண்ணா” என்று பட்டறைக்குள் கூட்டிப்போனேன். திட்டம் போட்டெல்லாம் இல்லை. ஆத்திரம்தான். தொட்டியைக் காட்டி, எந்தப் பக்கம் என்ன இருக்கிறது, நடுவில் என்ன நடக்கிறது என்று வகுப்பெடுத்துவிட்டேன். பளபளப்புப் பையில் நான் ஏமாந்த கதையையும், அச்சு மை கரைந்த கதையையும் சொன்னேன். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, இரண்டு பக்கத்துத் தண்ணீரையும் மாறி மாறிப் பார்த்தார்.

மேஜைமேல் அந்த முதல் டப்பாக்கள் இருந்தன. நான் அதை எடுத்துவைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வெட்டிய பையின் முன்பக்கம். அவர் அதைக் கையில் எடுத்தார்.

“இது நம்ம புள்ள கல்யாணப் பையில்லீங்களா அம்மணி?”

அந்தப் பையில் அவர் மகள் பெயர் இருக்கிறது. அதை வெட்டி, அவர் வயலைக் கெடுத்த அதே நீலத் தண்ணீருக்கு நடுவில் சொருகிவைத்திருக்கிறேன். “ஆமாங்கண்ணா. பேரு இருக்கற பக்கத்த நான் வெட்டலீங்க. சாதாப் பை அப்ப அதுதான் கெடச்சுது” என்றேன்.

அவர் அந்தத் துண்டைத் தடவிப் பார்த்தார். இருந்த இடத்திலேயே வைத்தார். ஏணியைத் தூக்கிக்கொண்டு, “வாரேனுங்க” என்று போய்விட்டார்.

கணவர் தலையில் கைவைத்துக்கொண்டார். “காட்டறதுக்கு வேற ஒண்ணுமே கெடைக்கலயா உனக்கு? மங்கலமாக் குடுத்த பையி.”

அவர் சொன்னதில் தப்பே இல்லை. அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்குமேல் அண்ணன் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. ஏணியைக்கூட வேலையாளிடம் கொடுத்தனுப்பினார். சரி, இருந்த பேச்சையும் என் வாயால் கெடுத்துக்கொண்டேன் என்று நினைத்தேன். தொட்டி நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்கப் போனாலே மனசு கசந்தது.

சித்திரை வெயிலில் ஒரு மத்தியானம், அண்ணனும் அக்காவும் வந்தார்கள். அவர் தோளில் ஒரு பெரிய கட்டு. இரண்டாவது மகளுக்குக் கல்யாணம் என்று பத்திரிகைத் தட்டை நீட்டினார்கள். வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டோம். அவர் கட்டை இறக்கி, கயிற்றை அவிழ்த்தார். உள்ளே தாம்பூலப் பைகள். பெயரும் இல்லை, அச்சும் இல்லை, வெறும் வெள்ளைப் பைகள்.

“பை அடிக்கறவன் பளபளப்பாப் போடலாமுங்க, அதுதான் இப்பப் பேஷன்னான். வேண்டாம், சாதாவே போடுன்னுபோட்டேன்” என்றார் அவர். “இது நூறு தனியா அடிக்கச் சொன்னேனுங்க அம்மணி. மை கரையுமுன்னு சொன்னீங்கள்ல, அதான் பேரு போடாம வாங்கியாந்தேன். தீந்தாச் சொல்லுங்க.”

நான் ஒரு பையை எடுத்தேன். என்ன செய்கிறோம் என்று தெரியாமல், வாயில் வைத்து ஊதிப் பார்த்தேன். காற்று தாராளமாகப் போனது. அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பையையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் துண்டால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். என்னைப் பார்த்தார்.

“ஏனுங்க அம்மணி, இந்த வெயில்ல ஊட்டுக்கு வந்தவங்களுக்குத் தண்ணி கிண்ணி குடுக்கற பழக்கமெல்லாம் உட்டுப்போட்டீங்களா?”

என் கணவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் அவர் காலை மிதித்துவிட்டு உள்ளே போனேன். சொம்பு நிறையத் தண்ணீர் மொண்டேன். வேகமாக வந்ததில் பாதி வழியில் கொஞ்சம் சிந்தியது. அவர் இரண்டு கையாலும் வாங்கி, அண்ணாந்து, ஒரே மூச்சில் குடித்தார். துண்டால் மீசையைத் துடைத்தார்.

“அக்காளுக்கு?” என்றார், வெறும் சொம்பை என்னிடம் நீட்டியபடி.

அக்கா அதற்குள் கையை நீட்டிக்கொண்டிருந்தார். நான் அடுத்த சொம்புக்கு உள்ளே போனேன்.